என்எஃப்எஸ் பகிர்வில் சர்வரும் கிளையன்டும் ஒத்துப்போகாதபோது எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

நாகர்கோவில் வடசேரிப் பகுதியில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் கூடம் ஒன்றின் கணினிகளைச் சில ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். டெபியன் லினக்ஸ் இயங்கும் சர்வர் ஒன்று, வடிவமைப்பாளர்களுக்கு உபுண்டு கணினிகள் இரண்டு, நிறத்திருத்தம் செய்பவருக்கு ஒரு மேக், வரவேற்பு மேசைக்கும் கணக்கருக்கும் விண்டோஸ் கணினிகள், பழைய படங்களைப் போட்டு வைத்திருக்கும் ஒரு நாஸ் பெட்டி (பிணையத்தில் இணையும் சேமிப்பகம்) என்று, வெவ்வேறு காலத்தில் வாங்கிய பொருள்கள் அங்கே ஒரே சுவிட்சில் இணைந்திருக்கின்றன. இவை எல்லாம் ஒரே கோப்புறையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, சர்வரிலுள்ள கோப்புறையைப் பிணையம் வழியே மற்றக் கணினிகளுக்கு (கிளையன்ட்களுக்கு) பகிரும் என்எஃப்எஸ் நெறிமுறையை அமைத்தபோதும், அதன் பிறகும் எதிர்ப்பட்ட தகராறுகளையும், அவற்றை எந்த வரிசையில் ஆராய்ந்தால் நேரம் மிச்சமாகும் என்பதையும் இங்கே எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களையும் அமைப்புச் சொற்களையும் ஒலிப்புப்படி தமிழில் தந்துள்ளேன்; தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளை இட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகிர்வு மவுண்ட் ஆகவில்லை, அதாவது கிளையன்டில் இணையவில்லை, என்றவுடன் பிணையக் காவலான ஃபயர்வாலை நிறுத்துவது, கோப்புறையின் அனுமதியை எல்லாருக்கும் திறந்துவிடும் 777 ஆக்குவது, சர்வரை மறுபடி தொடங்குவது என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்து பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படிச் செய்து சரியானாலும் எது சரியாக்கியது என்பது தெரியாமல் போகும். அடுத்த முறை மீண்டும் அதே இருட்டில் நிற்க வேண்டியிருக்கும். சர்வர் எதைத் தரத் தயாராக இருக்கிறது என்பதைச் சர்வரிடமும், கிளையன்ட் எதைக் கேட்கிறது என்பதைக் கிளையன்டிடமும் தனித்தனியே கேட்டறிந்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

பதிப்பு எது

என்எஃப்எஸ் என்ற ஒரே பெயருக்குள் பல பதிப்புகள் இருக்கின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களில் உருவாக்கிய இந்த நெறிமுறையின் 2-ஆம் பதிப்பு 1989-இல் ஆர்எஃப்சி 1094 என்ற இணைய ஆவணமாகவும், 3-ஆம் பதிப்பு 1995-இல் ஆர்எஃப்சி 1813 ஆகவும் வெளிவந்தன. 4-ஆம் பதிப்பு 2000-இல் வெளியாகி 2003-இல் திருத்தம் பெற்றது; 4.1 பதிப்பு 2010-இலும் 4.2 பதிப்பு 2016-இலும் வந்தன. 2-ஆம் பதிப்பால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள முடியாது என்பதால், காணொளி வைத்திருக்கும் எவரும் அதை இன்று நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. 3-ஆம் பதிப்பு அந்த வரம்பை நீக்கியது. 4-ஆம் பதிப்பு, அதுவரை தனித்தனிச் சேவைகளாக இருந்த மவுண்ட் செய்தலையும் கோப்புப் பூட்டுதலையும் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது.

இந்த வரலாறு பழுதுபார்ப்பவருக்குப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. பதிப்பைக் குறிப்பிடாமல் விட்டால், இன்றைய லினக்ஸ் கிளையன்ட் 4.2-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி 3 வரை கேட்டுப் பார்க்கும். மேக் பெரும்பாலும் 3-ஐயே கேட்கும். விண்டோஸுடன் வரும் என்எஃப்எஸ் கிளையன்டுக்கு 4-ஆம் பதிப்பு தெரியவே தெரியாது. ஆகவே, பாதுகாப்பு கருதி 3-ஆம் பதிப்பை முடக்கிவைத்த சர்வரில் உபுண்டு கணினிகள் எவ்விதக் குறையுமின்றி வேலை செய்ய, பக்கத்து மேசையிலுள்ள விண்டோஸ் மட்டும் பிழை காட்டும். உடனே அந்த விண்டோஸைக் குற்றம் சொல்லி அதைத் திரும்ப நிறுவுவதில் ஒரு நாள் கழியும்.

சர்வர் பேசும் பதிப்புகளை அறிய, ப்ராக் அடைவில் எஃப்எஸ், அதனுள் என்எஃப்எஸ்டி என்று சென்று, அங்கே வெர்ஷன்ஸ் என்ற கோப்பைப் படித்தால் போதும். கூட்டல் குறியுடன் உள்ள எண்கள் இயக்கத்தில் இருப்பவை; கழித்தல் குறியுடன் உள்ளவை முடக்கப்பட்டவை. மாற்ற வேண்டுமானால் இடிசி அடைவிலுள்ள என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில், என்எஃப்எஸ்டி பகுதியின் கீழ் உரிய பதிப்பின் வரியைத் திருத்தி, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். கிளையன்ட் பக்கத்தில் என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை ‘-எம்’ விருப்பத்துடன் இயக்கினால், ஒவ்வொரு மவுண்டும் உண்மையில் எந்தப் பதிப்பில், எந்த விருப்பங்களுடன் நிகழ்ந்துள்ளது என்பது தெரியும். பிழையின்றி மவுண்ட் ஆகிவிட்ட பிறகும் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 4.2 என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது பல வேளைகளில் சத்தமில்லாமல் 3-க்கு இறங்கியிருக்கும். பின்னர் பூட்டுதலில் சிக்கல் வரும்போது தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

பழைய நாஸ் பெட்டிகள் தனி வகை. அவற்றில் சில, 4-ஆம் பதிப்பில் கேட்டால் ‘தெரியாது’ என்று ஒழுங்காக மறுக்காமல் பதிலே தராமல் நிற்கும். கிளையன்டும் காத்திருந்து காத்திருந்து ஓயும். நான் கவனிக்கும் கூடத்திலுள்ள பெட்டி அப்படிப்பட்டதுதான். மவுண்ட் விருப்பங்களில் ‘வெர்ஸ்=3’ என்று வெளிப்படையாக எழுதியவுடன் அது அடுத்த நொடியே இணைந்தது. டிசிபிக்குப் பதில் யுடிபி என்ற அனுப்பு முறையை நம்பிய பழைய அமைப்புகளும் இதே போலத் தடுமாறும்: உபுண்டு 20.10 முதல் யுடிபி வழி மவுண்ட் செய்தல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே முடக்கப்பட்டிருப்பதால், மவுண்ட்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எப்போதோ எழுதிவைத்த ‘ப்ரோட்டோ=யுடிபி’ என்ற சொல் கணினியைப் புதுப்பித்த மறுநாள் மவுண்டை நிறுத்திவிடும். அந்தச் சொல்லை ‘டிசிபி’ என்று மாற்றுவதே தீர்வு.

பாதையிலும் ஒரு வேறுபாடு உண்டு. எந்தக் கோப்புறையை யாருக்குப் பகிர்வது என்று சர்வரில் எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு கோப்புறைக்கு ‘எஃப்எஸ்ஐடி=0’ என்று கொடுத்திருந்தால், 4-ஆம் பதிப்புக் கிளையன்டுகளுக்கு அந்தக் கோப்புறைதான் வேர். 3-ஆம் பதிப்பில் ‘/எஸ்ஆர்வி/ஆல்பம்’ என்று கேட்கப்படும் அதே இடத்தை, எஸ்ஆர்விக்கு அந்த எண் தரப்பட்டிருந்தால், 4-ஆம் பதிப்பில் ‘/ஆல்பம்’ என்று கேட்க வேண்டும். கோப்புறை கண்ணெதிரே இருக்க, அப்படி ஒன்று இல்லை என்று சர்வர் சொல்கிறதென்றால் இதை முதலில் சந்தேகிக்கலாம். இன்றைய லினக்ஸ் சர்வர் அந்த வேரைத் தானே அமைத்துக்கொள்வதால், ‘எஃப்எஸ்ஐடி=0’ என்பதை எடுத்துவிட்டு இரு பதிப்புகளுக்கும் ஒரே பாதையை வைத்துக்கொள்வதே எளிது.

வாசல் திறந்திருக்கிறதா

4-ஆம் பதிப்புக்கு டிசிபி 2049 என்ற ஒரு போர்ட் (சேவைக்குரிய வாசல் எண்) போதும். 3-ஆம் பதிப்புக்கோ அதனுடன், எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் ஆர்பிசிபைண்ட் கேட்கும் 111, மவுண்ட் கோரிக்கையை ஏற்கும் மவுண்ட்டி, பூட்டுதலுக்கான லாக்டி, ஸ்டாட்டி ஆகியவற்றின் போர்ட்களும் வேண்டும். இவற்றில் சில, ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் வெவ்வேறு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஃபயர்வாலில் 2049 மட்டும் திறந்திருந்தால் லினக்ஸ் கணினிகள் இணையும், மேக்கும் விண்டோஸும் இணையா. கிளையன்டிலிருந்து ஆர்பிசிஇன்ஃபோ கட்டளையை ‘-பி’ விருப்பத்துடனும் சர்வரின் முகவரியுடனும் இயக்கினால், எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் உள்ளது என்ற பட்டியல் வரும். 3-ஆம் பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவதானால், மவுண்ட்டி, லாக்டி, ஸ்டாட்டி ஆகிய மூன்றுக்கும் நிலையான எண்களை என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் கொடுத்து, அவற்றை மட்டும் உள்வலைக்குத் திறந்துவிடுவதே முறை. சர்வரின் பகிர்வுகளைப் பட்டியலிடும் ஷோமவுண்ட் கட்டளை பதில் தரவில்லை என்பதை மட்டும் வைத்துச் சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. 4-ஆம் பதிப்பை மட்டும் தரும் சர்வரில் அது பதில் தராமலிருப்பது இயல்பே.

கோப்புறையின் பட்டியல் சிறிதாக இருக்கும்போது திறந்து, நானூறு படங்கள் உள்ள கோப்புறையில் மட்டும் உறைந்து நின்றால், என்எஃப்எஸ்ஸை விட்டு, ஒரு பிணையப் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூவைப் பார்க்க வேண்டும். சர்வரின் பிணைய அட்டையில் 9000 என்றும், நடுவிலுள்ள சுவிட்ச் 1500-ஐ மட்டும் ஏற்கும் என்றும் இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியிலேயே தொலையும். பிங் கட்டளையில் துண்டாக்கத் தடை விதித்து 8972 பைட் அளவில் அனுப்பிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஓர் இடைவெளி

சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில், முகவரிக்கும் அதன் விருப்பங்கள் அடங்கிய அடைப்புக்குறிக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது. 192.168.1.0/24 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அடைப்புக்குள் ‘ஆர்டபிள்யூ’ என்று எழுதினால், நம் வலைக்கு இயல்பான விருப்பங்களும், உலகிலுள்ள மற்ற எல்லா முகவரிகளுக்கும் எழுதும் உரிமையும் கிடைக்கும் என்பதே அதன் பொருள். நம் கணினிகளால் படிக்க மட்டுமே முடிகிறது, எழுத முடியவில்லை என்ற புகார் வந்தால், இந்த இடைவெளியைத் தேடுக. திருத்திய பின் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ‘-ஆர்ஏ’ என்று இயக்கி, பிறகு ‘-வி’ என்று இயக்கினால், சர்வர் அந்தக் கோப்பை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைத் தானே விரித்துச் சொல்லும். நாம் எழுதியதைப் படிப்பதைவிட, அது புரிந்துகொண்டதைப் படிப்பதே பயன் தரும்.

மேக்குக்கு மட்டும் அனுமதி மறுக்கப்படுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் வேறு. லினக்ஸ் சர்வர் இயல்பாகவே 1024-க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையைத்தான் ஏற்கும். மேக்கோ அதற்கு மேலுள்ள போர்ட்டிலிருந்து கேட்கும். மேக்கின் மவுண்ட் விருப்பத்தில் ‘ரெஸ்வ்போர்ட்’ என்று சேர்க்கலாம். அல்லது எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அந்தக் கணினிக்கு மட்டும் ‘இன்செக்யூர்’ என்று கொடுக்கலாம். இரண்டாவது சொல் அச்சமூட்டினாலும், உள்வலையில் அதனால் வரும் இழப்பு சிறிதே. ஆயினும் நான் முதலாவதையே செய்கிறேன். ஒரு கணினியின் வழக்கத்துக்காகச் சர்வரின் விதியைத் தளர்த்த எனக்கு மனம் வருவதில்லை.

சர்வரில் இரண்டாவது வன்தட்டு ஒன்றைப் பகிரப்பட்ட கோப்புறைக்குள்ளேயே மவுண்ட் செய்திருந்தால், கிளையன்டில் அது வெற்றுக் கோப்புறையாகத் தெரியக்கூடும். படங்கள் அழிந்துவிட்டன என்று பதற வேண்டாம். ‘கிராஸ்எம்என்டி’ என்ற விருப்பத்தை மேல்கோப்புறைக்குக் கொடுத்தால் அவை தோன்றும்.

ஆளின் பெயரா, எண்ணா

வழக்கமான பாதுகாப்பு முறையில், கோப்பின் உரிமையாளரை என்எஃப்எஸ் பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறிகிறது. ஓர் உபுண்டு கணினியில் முதலில் உருவாக்கிய பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். இன்னொன்றில் முதலில் உருவாக்கிய வேறு ஒருவருக்கும் அதே 1000-தான் கிடைக்கும். சர்வருக்கு இருவரும் ஒரே ஆள். மேக்கில் முதல் பயனரின் எண் 501 என்பதால், ஒரே மனிதர் இரண்டு மேசைகளில் உட்கார்ந்தால் இரண்டு ஆள் ஆகிவிடுவார். சிறிய கூடத்தில் இதற்கு, எல்லாக் கணினிக்கும் பொதுவான பயனர் பட்டியல் தரும் எல்டாப் போன்ற பெரிய ஏற்பாடு தேவையில்லை. பொதுக் குழு ஒன்றை எல்லா லினக்ஸ் கணினிகளிலும் ஒரே எண்ணில் உருவாக்கி, பகிர்ந்த கோப்புறைக்கு அந்தக் குழுவையும், உள்ளே உருவாகும் புதுக் கோப்பையும் அதே குழுவுக்கு உரியதாக்கும் செட்ஜிஐடி அனுமதியையும் கொடுத்தால் போதும். எல்லாரையும் ஒரே பயனராக்கிவிட விரும்பினால், எக்ஸ்போர்ட்ஸில் ‘ஆல்_ஸ்குவாஷ்’ என்பதுடன் ‘அனான்யூஐடி’, ‘அனான்ஜிஐடி’ எண்களையும் தரலாம். யார் எதை மாற்றினார் என்ற தடம் மட்டும் கிடைக்காது.

4-ஆம் பதிப்பில் பெயரும் களப்பெயரும் சேர்ந்து அனுப்பப்படும் வழி ஒன்று உண்டு. இரு பக்கத்திலும் ஐடிமேப்டி.கான்ஃப் கோப்பிலுள்ள களப்பெயர் வேறுபட்டால், எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் ‘நோபடி’ என்று தெரியும். களப்பெயரை ஒன்றாக்கிய பின் கிளையன்டில் என்எஃப்எஸ்ஐடிமேப் கட்டளையை ‘-சி’ விருப்பத்துடன் இயக்கிப் பழைய நினைவைத் துடைக்க வேண்டும். இல்லையெனில் சரிசெய்த பிறகும் ‘நோபடி’யே நிற்கும். முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக எழுத முயன்று மறுக்கப்பட்டால் அது ரூட்_ஸ்குவாஷ் என்ற காவல். அதை எடுக்கக் கூடாது. பதினாறுக்கு மேற்பட்ட குழுக்களில் ஒருவர் உறுப்பினராக இருந்தால் மிகுதியான குழுக்கள் கோரிக்கையில் இடம்பெறா. சர்வரின் மவுண்ட்டி சேவையில் ‘மேனேஜ்-ஜிஐடிஸ்’ என்ற அமைப்பை இயக்கினால் சர்வர் தன் பட்டியலைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தமிழ்ப் பெயரிட்ட கோப்புறைகள்

எனக்கு மிகுந்த நேரத்தை விழுங்கிய சிக்கல் இதுதான்; இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கூடத்தில் ஒவ்வொரு திருமணத்துக்கும் ஊர்ப்பெயரில் ஒரு கோப்புறையும், அதனுள் மணமக்கள் பெயரில் உட்கோப்புறைகளும் வைப்பது வழக்கம். நிறத்திருத்தம் செய்யும் தம்பி தன் மேக்கில், பழைய வெளித்தட்டிலிருந்து கோப்புறைகளைச் சர்வருக்கு நகலெடுத்த மறுநாள், உபுண்டுவில் வேலை செய்பவர் என்னை அழைத்தார்: “அண்ணாச்சி, நாகர்கோவில் ஃபோல்டரு ரெண்டு கெடக்கு. ஒண்ணுல படம் இருக்கு, ஒண்ணுல ஒண்ணுமே இல்ல.” வந்து பார்த்தால் உண்மைதான், ஒரே பெயரில் ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகள். குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம், பத்மநாபபுரம் ஆகியவற்றுக்கு எக்குறையும் இல்லை. நாகர்கோவில், தோவாளை, கோட்டாறு, கொல்லங்கோடு ஆகியவை மட்டும் இரட்டித்திருந்தன. (நாகர்கோவில், நாகர்கோயில் என்று இருவிதமாக எழுதுவதால் வரும் இரட்டிப்பு வேறு, அதற்குக் கணினியில் மருந்து இல்லை.)

பாதிக்கப்பட்ட ஊர்ப்பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் காரணம் புலப்பட்டது. அவை அனைத்திலும் ஒகர அல்லது ஓகார உயிர்மெய் இருக்கிறது. யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றை இடுவது ஒரு விதம், ககரத்துக்குப் பின் இரட்டைக் கொம்பும் அதன் பின் காலும் தனித்தனியே இடுவது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. முதலாவது சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவம். இரண்டாவது பிரித்தெழுதும் என்எஃப்டி வடிவம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்றின் குறிகளுக்கும் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கும் மட்டுமே தமிழில் இந்த இரட்டை வாழ்வு உண்டு. ஐகாரக் குறி பிரிவதில்லை, ஆகவே தக்கலை தப்பித்தது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் தட்டுகள் பெயரைப் பிரித்த வடிவிலேயே சேமித்தன. லினக்ஸிலும் விண்டோஸிலும் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் சேர்த்த வடிவம். லினக்ஸ் சர்வரின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்குத் தமிழ் தெரியாது. அது பைட்டுகளை மட்டும் பார்க்கும், பைட் வேறானால் பெயரும் வேறு.

இதைச் சோதிக்க எளிய வழி பைட்டை எண்ணுவதே. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். ‘நாகர்கோவில்’ என்பது சேர்த்த வடிவில் 11 குறியீடுகள், ஆகவே 33 பைட். பிரித்த வடிவில் 12 குறியீடுகள், 36 பைட். ‘கொல்லங்கோடு’ என்பதில் இத்தகைய எழுத்து இரண்டு இருப்பதால் 33-க்கு 39 என்று வரும். எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை டபிள்யூசி கட்டளைக்கு ‘-சி’ விருப்பத்துடன் கொடுத்தால், வரி முடிவுக்கு ஒன்று கூட்டி, 34 அல்லது 37 என்று காட்டும். 37 வந்தால் அது மேக்கின் கைவேலை.

தீர்வு இரு படிகளில் அமைய வேண்டும், வரிசையும் மாறக் கூடாது. முதலில், சர்வரின் நகல் ஒன்றை வேறொரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, கான்வ்எம்வி என்ற கருவியைச் சர்வரிலேயே இயக்க வேண்டும்; மூலமும் இலக்கும் யூடிஎஃப்-8 என்றும், ‘--என்எஃப்சி’ என்றும், உட்கோப்புறைகளுக்குள்ளும் செல்ல ‘-ஆர்’ என்றும் கொடுத்தால், எந்தப் பெயர் எப்படி மாறும் என்பதை அது பட்டியலிடும். எதையும் உண்மையில் மாற்றாமல் சொல்லிக்காட்டுவது அதன் இயல்பு. பட்டியல் திருப்தியாக இருந்தால் மட்டும் ‘--நோடெஸ்ட்’ சேர்த்து மறுபடி இயக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கோப்புறை இருக்கும் இடங்களை முன்னதாகக் கையால் ஒன்றுசேர்த்துவிட வேண்டும். இரண்டாவதாக, மேக்கின் மவுண்ட் விருப்பங்களில் ‘என்எஃப்சி’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்; அதன் பிறகு மேக் எந்தப் பெயரையும் சேர்த்த வடிவிலேயே சர்வருக்கு அனுப்பும். பெயர்களைத் திருத்தாமல் இந்த விருப்பத்தை மட்டும் முதலில் கொடுத்தால், ஏற்கெனவே பிரித்த வடிவில் உள்ள கோப்புறைகள் மேக்கில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் திறக்கா. நான் அந்தத் தவற்றைச் செய்து, ஒரு மாலை முழுவதும் அனுமதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

பெயரின் நீளத்திலும் இதே கணக்கு குறுக்கிடும். இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறியீடுகள்தான், புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஐம்பது அளவிலேயே நின்றுவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் தட்டில் தமிழ்க் குறியீடு 255 வரை இடம் உண்டு. மணமகன், மணமகள், இரு வீட்டு ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் பெயரில் எழுதும் வழக்கமுள்ள வரவேற்பு மேசையிலிருந்து நகலெடுக்கும்போது, சில கோப்புறைகள் மட்டும் பெயர் நீளம் என்று மறுக்கப்படுவது இதனால்தான்.

விண்டோஸை என்ன செய்வது

விண்டோஸின் என்எஃப்எஸ் கிளையன்டை இயக்கி, 3-ஆம் பதிப்பைச் சர்வரில் திறந்துவிட்டால் இணைப்பு கிடைக்கும். ஆனால் எழுத முடியாது. காரணம், அது தன்னை அடையாளமற்ற பயனராக, -2 என்ற எண்ணுடன் அறிவித்துக்கொள்கிறது. விண்டோஸின் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) கிளையன்ட்ஃபார்என்எஃப்எஸ் என்ற கிளையின் கீழ், கரன்ட்வெர்ஷன், அதனுள் டிஃபால்ட் என்ற இடத்தில், அனானிமஸ்யூஐடி, அனானிமஸ்ஜிஐடி என்று இரண்டு 32-பிட் மதிப்புகளை உருவாக்கி, சர்வரிலுள்ள பொதுப் பயனரின் எண்களைக் கொடுத்து, கிளையன்ட் சேவையை மறுபடி தொடங்கினால் எழுத முடியும். அப்போதும் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரியும், ஏனெனில் அந்தக் கிளையன்ட் பழைய குறியீட்டுப் பக்கத்தை வைத்தே பெயரைப் படிக்கிறது. மண்டல அமைப்பில் யூடிஎஃப்-8 சோதனை வசதியை இயக்கினால் இது தீரும். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சு மென்பொருள்களையும் இன்னும் நம்பியிருக்கும் கணினியில், அந்த மாற்றத்தால் அவை தடுமாறக்கூடும்.

ஆகவே என் தீர்ப்பு இது: விண்டோஸுக்கு என்எஃப்எஸ் வேண்டாம். அதே கோப்புறையை அதே சர்வரிலிருந்து, விண்டோஸின் சொந்தப் பகிர்வு முறையைப் பேசும் சாம்பா வழியாகக் கொடுப்பதே நல்லது. இரு வழியிலும் ஒரே கோப்பை எழுதும் வாய்ப்பு இருந்தால், சாம்பாவில் அந்தப் பகிர்வுக்கு மட்டும் ஆப்லாக்ஸ் என்ற வசதியை நிறுத்திவிட வேண்டும்; இல்லையெனில், விண்டோஸ் தன் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் திருத்தம் என்எஃப்எஸ் பக்கத்துக்குத் தெரியாமல் போகலாம்.

சேமித்தேன் என்கிறார், வரவில்லை என்கிறார்

ஒருவர் கோப்பைச் சேமித்த பின்னும் அடுத்த மேசையில் அது தெரியவில்லை என்ற சச்சரவு பொருந்தாமையால் வருவதன்று. லினக்ஸ் கிளையன்ட், கோப்புறையின் விவரங்களை இயல்பாக 30 முதல் 60 நொடி வரையிலும், கோப்பின் விவரங்களை 3 முதல் 60 நொடி வரையிலும் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அவசரம் மிகுந்த கோப்புறைக்கு மட்டும் ‘ஆக்டிமியோ=3’ என்று குறைத்துக்கொள்ளலாம். ‘நோஏசி’ என்று முழுவதும் நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் சர்வரைக் கேட்கத் தொடங்கினால் ஆல்பம் நகராது.

மின்தடைக்குப் பின்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. மின்னலுடன் மழை தொடங்கும் மாலைகளில் மின்சாரம் போய்ப்போய் வரும். யுபிஎஸ் ஓய்ந்து எல்லாம் அணைந்து, பின் ஒன்றாக எழும்போது, கிளையன்ட்கள் சர்வருக்கு முன்பே எழுந்து, மவுண்ட் செய்ய முயன்று, தோற்று நின்றுவிடும். எஃப்எஸ்டேப் வரியில் ‘_நெட்தேவ்’, ‘நோஃபெயில்’, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ ஆகிய மூன்றையும் சேர்த்தால், கோப்புறையை யாரேனும் முதன்முதலில் திறக்கும்போதுதான் மவுண்ட் நிகழும். அதற்குள் சர்வர் எழுந்திருக்கும். உறைந்து நிற்கிறதே என்பதற்காக ‘சாஃப்ட்’ விருப்பத்துக்கு மாறுவோரைக் கண்டிருக்கிறேன். எழுதும் பாதியில் சர்வர் மறைந்தால் ‘சாஃப்ட்’ மவுண்ட் பிழை சொல்லிவிட்டுக் கைவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத மென்பொருளால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். எழுதும் பகிர்வுக்கு இயல்பான ‘ஹார்ட்’ மவுண்டே இருக்கட்டும்.

சர்வரின் தட்டை மாற்றி, காப்பு நகலிலிருந்து கோப்புகளை மீட்ட பிறகு ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற செய்தி வந்தால், கிளையன்டின் கையிலுள்ள பழைய அடையாளங்கள் செல்லாதவை ஆகிவிட்டன என்று பொருள். யூமவுண்ட் கட்டளையை ‘-எல்’ விருப்பத்துடன் இயக்கி, மறுபடி மவுண்ட் செய்தால் சரியாகும்.

கடைசியாக, சர்வர் எழுந்த உடனே லிப்ரேஆஃபிஸ் கோப்பு எதுவும் திறக்காமல், படங்கள் மட்டும் திறந்தால் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். 4-ஆம் பதிப்பில், எழுந்த சர்வர், முன்பு பூட்டு வைத்திருந்த கிளையன்ட்கள் திரும்பி வந்து அதைக் கோருவதற்காக இயல்பாக 90 நொடி கொடுக்கும். அதற்குள் எவருக்கும் புதிய பூட்டு தராது. அந்த ஒன்றரை நிமிடத்தில் பதறி மறுபடியும் சர்வரை அணைத்து எழுப்பினால், அந்த 90 நொடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு நிமிடம் கடந்தும் திறக்கவில்லையெனில், என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையால் அந்த மவுண்ட் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது 3 என்று காட்டினால், ஸ்டாட்டி சேவை எழுந்திருக்கிறதா என்று ஆர்பிசிஇன்ஃபோ மூலம் சரிபார்த்து, எழவில்லையெனில் இரு பக்கத்திலும் அதை எழுப்ப வேண்டும்.